ஒன்பது வாசகங்களுடன் கரோல் ஆராதனை: பாடகர் குழுவுக்கும் வாசிப்போருக்கும் ஓர் ஆயத்த வழிகாட்டி

நத்தார்க் கால கரோல் ஆராதனைக்கு ஆயத்தப்படும்போது பாடல் பட்டியலை எழுதுவதற்கு முன்பே வேதவாசகங்களைத் தீர்மானித்துவிட வேண்டும். 1880 ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில் இங்கிலாந்தின் ட்ரூரோவில் பேராயர் பென்சன் தொடங்கிவைத்த, ஒன்பது வேதவாசகங்களும் பாடல்களும் மாறி மாறி வரும் இந்த ஒழுங்கை, 1918 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்துக்குக் கொண்டுவந்த எரிக் மில்னர் வைற், ஆராதனையின் பலம் இசையில் அல்ல, வாசகங்களிலேயே தங்கியிருக்கிறது என்று கருதினார். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருபது பேர் கொண்ட பாடகர் குழுவுக்கு இது பெரிய ஆறுதல் என்றே சொல்லலாம்.

வழமையான ஒன்பது வாசகங்கள் ஏதேன் தோட்டத்தில் தொடங்கி (ஆதியாகமம் 3), ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி (ஆதியாகமம் 22), ஏசாயா 9, 11 ஆகிய அதிகாரங்களின் தீர்க்கதரிசனங்கள், மரியாளிடம் தூதன் வந்தது, பாலனின் பிறப்பு, மேய்ப்பர்கள், சாஸ்திரிகள் என நகர்ந்து, யோவான் முதலாம் அதிகாரத்தில் நிறைவடைகின்றன. நேரம் போதாவிட்டால் ஆறாகக் குறைக்கலாம். ஆனால் முதலாவதையும் கடைசியையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் பாலன் ஏன் பிறந்தார் என்பதை ஒன்றும், பிறந்தவர் யார் என்பதை மற்றதும் சொல்கின்றன.

அதன் பிறகு ஒவ்வொரு வாசகத்துக்கும் மறுமொழியாக அமையும் பாடலைத் தேட வேண்டும். ஏதேன் வாசகத்தை அடுத்து மகிழ்ச்சி ஆரவாரம் பொருந்தாது. மேய்ப்பர் வாசகத்துக்குப் பின் வரும் பாடலையோ சபையார் எப்படியும் பாடகர் குழுவை மிஞ்சிப் பாடிவிடுவார்கள். ஆகையால் அதை அவர்களுக்கே விட்டுவிடுவது நல்லது. மேலைத்தேய மெட்டில் தமிழ் வரிகளைப் பாடும்போது குறில் எழுத்து நீண்ட சுரத்தில் விழுந்து நெடிலாக ஒலித்துவிடும் என்பதால், முதல் ஒத்திகையில் மெட்டே இல்லாமல் வரிகளைக் கைத்தாளத்துடன் பேசிப் பழகி, எந்த எழுத்தில் நிற்பது, எதைச் சட்டென்று விடுவது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு குரல்களையும் நிரப்ப ஆட்கள் இல்லையென்றால் இரண்டு குரல்களில் சுத்தமாகப் பாடுவதே மேல். கீர்த்தனைகளுக்குச் சபையாருக்கு எட்டும் சுருதியைத் தெரிவுசெய்யுங்கள்.

வாசிப்போரை ஞாயிறு பாடசாலைப் பிள்ளையிலிருந்து தொடங்கி, கடைசி வாசகத்தைக் குருவானவர் வாசிக்கும்படி ஒழுங்கு செய்வது மரபு. வாசிப்புக்கும் ஒத்திகை தேவை. அதை வீட்டில் அன்றி ஆலயத்திலேயே, கடைசி வாங்கில் ஒருவரை இருத்தி வைத்துச் செய்ய வேண்டும். வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். லூக்கா இரண்டாம் அதிகார வாசகத்தில் இரண்டாம் வசனம் வழமையாக விடப்படுவதால் தாளிலும் அதனை நீக்கிவிடுவது தடுமாற்றத்தைத் தவிர்க்கும். “குடிமதிப்பு”, “அகுஸ்துராயன்” போன்ற சொற்களில் பிள்ளைகள் திக்குவார்கள். அவற்றைத் தனியே பலமுறை சொல்ல வையுங்கள்.

டிசம்பர் எமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் ஒலிவாங்கி இருந்தும் வாசகம் கேட்காது. அப்போது மழையோடு போட்டியிட்டுக் கத்தாமல், சபையார் அறிந்த ஒரு பாடலைப் பாடி முடித்து, இரைச்சல் தணிந்த பின் வாசிக்க வேண்டும். அதற்கென ஒரு பாடலை மேலதிகமாக ஆயத்தம் செய்து வைத்திருங்கள். மின்சாரம் நின்றுபோகலாம் என்பதை நினைத்து, குறைந்தது மூன்று பாடல்களை ஓகன் இல்லாமல் பழகி, ஒரு ஆர்மோனியத்தையும் அருகில் வைத்துக்கொள்வது அவசியம். மெழுகுதிரிப் பவனியை வாசலுக்கு வெளியே தொடங்கத் திட்டமிடாதீர்கள். காற்று ஒரு திரியையும் விட்டுவைக்காது.

கல்முனை போன்ற இடங்களில் பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு (அந்தித் தொழுகைக்கான அழைப்பு) மாலை ஆறு மணியளவில் ஒலிக்கும் என்பதால், தனிக்குரலில் தொடங்கும் ஆராதனையை ஆறரைக்கு வைப்பது பொருத்தமானது. அயலிலுள்ள இந்து, முஸ்லிம் நண்பர்களை அழைத்தால், எப்போது எழுந்து நிற்பது, எப்போது அமர்வது என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டு, அதை வாசலில் அவர்கள் கையில் கொடுப்பதற்கு ஒருவரை நிறுத்துங்கள்.