காந்தப் பதிவிலிருந்து பூமியின் ஆழத்து மின்கடத்துதிறனைக் கணிப்பது எப்படி?

மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கி.மீ.யைச் சற்றே தாண்டியது. அதற்குக் கீழே 1,000 கி.மீ. ஆழத்தில் பாறை எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்பதைத் தரையில் நிற்கும் காந்தமானியை (காந்தப் புலத்தை அளக்கும் கருவி) கொண்டே மதிப்பிடலாம். சூரியனின் தாக்கத்தால் பூமியின் காந்தப் புலம் கலங்கும் காந்தப் புயலின்போது பூமியைச் சுற்றி விண்வெளியில் ஓடும் வளைய மின்னோட்டம் வலுக்கிறது. மாறும் அதன் புலம் பூமிக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் புலமும் நம் பதிவில் சேர்ந்தே இருக்கிறது.

படி 1: தரவு. இன்டர்மேக்னெட் என்னும் உலகக் காந்த ஆய்வகங்களின் வலையமைப்பிலுள்ள ஒரு நிலையத்தின் மணிவாரிப் பதிவுகளைப் பல ஆண்டுகளுக்கு எடுங்கள். நிலையம் நடு அகலாங்கில் இருக்கட்டும். துருவத்தருகே அரோரா (துருவ ஒளி) தோன்றும் வான்பகுதியின் மின்னோட்டங்கள் குழப்பும்; காந்த நடுக்கோட்டருகே புலத்தின் செங்குத்துக் கூறு மிகச் சிறியது.

படி 2: சுத்தம். மெதுவாக நகரும் உட்கருப் புலத்தையும் தினசரி மாற்றத்தையும் நீக்குங்கள். கூறுகளைப் புவிக்காந்த அச்சுக்குச் சுழற்றுங்கள்.

படி 3: விகிதம். முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பதிவை வெவ்வேறு அலைவுக்கால அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்தின் மூலம், 3 முதல் 100 நாள் வரையிலான ஒவ்வொரு அலைவுக்காலத்திலும், கீழ்நோக்கிய கூறை வடக்குக் கூறால் வகுங்கள். அதைப் புவி ஆரத்தின் பாதியாலும், காந்தத் துருவத்திலிருந்து நிலையத்தின் கோணத் தொலைவின் டேன்ஜென்ட்டாலும் பெருக்கிக் கழித்தல் குறி இடுங்கள். கிடைக்கும் சிக்கலெண்ணின் மெய்ப்பகுதி, தூண்டப்பட்ட மின்னோட்டம் சராசரியாக ஓடும் ஆழம். அலைவுக்காலம் நீள நீள அது கூட வேண்டும். குறைந்தால் பிழை தரவில்தான். மாதிரியைத் திருத்தி மறைக்க வேண்டாம். இரு கூறுகளின் ஒத்திசைவு (இரண்டும் சேர்ந்தே மாறும் அளவு) குறைவான புள்ளிகளைத் தயங்காமல் விடுங்கள்.

படி 4: கைக்கணக்கு. புலம் ஊடுருவும் ஆழம் கி.மீ.யில், அலைவுக்காலத்தை (வினாடி) கடத்துதிறனால் (சீமன்ஸ்/மீட்டர்) வகுத்து, வர்க்கமூலம் கண்டு, பாதியாக்கினால் வரும். 10 நாள், 1 சீமன்ஸ்/மீட்டர் என்றால் ஏறக்குறைய 465 கி.மீ. கணினியில் கிடைக்கும் ஆழம் இந்த அளவையிலிருந்து வெகுதூரம் விலகினால் அலகுகளைச் சரிபாருங்கள்.

படி 5: மாதிரி. பூமியை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கடத்துதிறனை ஊகியுங்கள். 410, 660 கி.மீ. ஆழங்களில் கனிமங்கள் மாறுவதால் அங்கே எல்லை வைப்பது பொருத்தம். அடியடுக்கில் தொடங்கி மேல்நோக்கிக் கணக்கிட்டு, தரைமட்ட விடையைப் படி 3-இல் கிடைத்த சிக்கலெண்ணோடு ஒப்பிடுங்கள். பல மாதிரிகள் ஒரே தரவுக்குப் பொருந்தும். எனவே பிழை வரம்புக்குள் பொருந்துபவற்றில் மிக வழவழப்பானதை, அதாவது அடுக்குக்கு அடுக்கு கடத்துதிறன் மிகக் குறைவாகத் தாவுவதைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மைத் தரவுக்கு முன், நீங்களே உருவாக்கிய மாதிரியின் விடையில் சிறிது இரைச்சல் சேர்த்து, அதே மாதிரி திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆழத்தில் அது மங்கிப்போகிறதோ, அதற்குக் கீழே உங்கள் வரைபடத்தில் கோடு வரையாதீர்கள்.