டென்னிஸில் ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது தலை எங்கே இருக்க வேண்டும்?

ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கைப் பக்கத்தால் அடிக்கும் அடியில், பந்து ராக்கெட்டின் ஃப்ரேமில் (ஓரச் சட்டத்தில்) பட்டுத் தெறித்தால் உடனே கிரிப்பை, அதாவது பிடியை, மாற்றிப் பார்ப்போம், இல்லையென்றால் ராக்கெட்டைக் குறை சொல்வோம். பெரும்பாலும் கோளாறு கழுத்துக்கு மேலேதான். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரத்தில், அடிபடுவதற்குச் சற்று முன்பே தலை நிமிர்ந்துவிடுகிறது. தலை போன பக்கம் தோளும் போகும், மார்பு நிமிரும், ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கும். பந்தின் திசை 1 டிகிரி பிசகினாலே, 23.77 மீட்டர் தள்ளி எதிர் பேஸ்லைனை (ஆடுகளத்தின் கடைசிக் கோட்டை) எட்டும்போது ஏறக்குறைய 40 செ.மீ. விலகியிருக்கும்.

‘பந்தையே பார்’ என்று சொல்வது பாதிதான் சரி. பந்து ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கில் (நரம்பு வலையில்) ஒட்டியிருப்பது சுமார் 5 மில்லி விநாடி. வேகமாக வரும் பந்தைக் கடைசி மீட்டர்வரை கண்ணால் தொடரவும் முடியாது. அதனால் பந்து குதித்து எழுந்ததுமே, அடிபடப்போகும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரின் படங்களில் பந்து கிளம்பிய பிறகும் அவர் பார்வை அந்த இடத்திலேயே இருப்பது இதனால்தான்.

இனி வருவது வலக்கைக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். பந்து வரும்போது உடம்பைத் திருப்பினால் இடது தோள் மோவாய்க்குக் கீழே வர வேண்டும். பந்தைச் சந்திக்கும் இடம் உடம்புக்கு முன்னால், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். பந்து பின்தங்கினால் தலையை அசைக்காமல் அடிக்கவே முடியாது. அப்படியானால் திருத்த வேண்டியது தலையை அல்ல, தாமதமாகத் திரும்புவதை. வீச்சில் தோள்கள் மட்டும் சுழலட்டும். முடிவில் வலது தோள் தானாக வந்து மோவாயைத் தொட்டால் தலை நிலையாக இருந்தது என்று அர்த்தம். மோவாய் தோளைத் தேடிப் போனால் கணக்கில் வராது.

எவ்வளவு நேரம் அப்படியே இருப்பது? ராக்கெட் முன்னால் வீசி முடியும் வரை போதும். 80 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து வலையை எட்டவே அரை விநாடி ஆகும். அதற்குள் நிமிர்ந்துவிடலாம், எதுவும் தவறிப்போகாது. அதற்கு மேலும் சிலை மாதிரி நின்றால் கழுத்து இறுகும், அடுத்த பந்துக்கு நகரவும் தாமதமாகும்.

கால் சரியில்லாவிட்டால் தலை நிற்காது. தாழ்ந்த பந்துக்கு இடுப்பை வளைத்தால் தலை முன்னால் சரிகிறது, வீசும்போது மேலே எழுகிறது, பந்தின் மேல்பகுதியில் பட்டு வலைக்குள் போகிறது. முழங்காலை மடக்குங்கள். டாப்ஸ்பினுக்காக (பந்தை முன்னோக்கிச் சுழலவிடுவதற்காக) கால் தரையை விட்டு எழும்பினால் பரவாயில்லை. தலையும் சேர்ந்து உயரலாம், பக்கவாட்டில் மட்டும் சாயக் கூடாது.

பயிற்சிக்கு ஒரு துணை இருந்தால் போதும். அவர் கையால் பந்து போடட்டும். அடித்ததும், பந்து விழுந்த இடத்தை அவர் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று சொல்லும் வரை நீங்கள் நிமிரக் கூடாது. பயிற்சி என்பதால் வேண்டுமென்றே நேரத்தை நீட்டுகிறோம். பத்துப் பத்தாக மூன்று சுற்று, பாதி வேகத்தில். முதல் சுற்றில் கண் திருட்டுத்தனமாக எழுந்துபோகும். சத்தத்தை மட்டும் கேட்டு, பந்து நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்று நீங்களே சொல்லிப் பாருங்கள், பார்வை அடங்கும். பிறகு ராலியில், அதாவது இருவரும் மாறி மாறி அடிக்கும்போது, முயலுங்கள்.

செல்போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுத்தாலும் பந்து ஸ்ட்ரிங்கைத் தொடுவது ஒன்றிரண்டு படத்தில்தான் அகப்படும். அதையும், அதற்கு அடுத்த 20 படங்களையும் பாருங்கள். தொப்பியின் முனை அதற்குள் வலைப் பக்கம் திரும்பியிருந்தால் இன்னும் அவசரப்படுகிறீர்கள்.