டர்போவைக் கழற்றுவதற்கு முன்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும்போது, சமதளத்தில் தெரியாத டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கோளாறு முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது கியரில் ஏற வேண்டிய கார் இரண்டாவதிலும் திணறிக் கரும்புகை கக்கினால், டர்போ போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். டர்போ அனுப்பும் காற்று வழியில் கசிந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும்.

ஆகவே எஞ்சின் ஆறிய பிறகு, டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். வேறொரு பட்டறையில் டர்போவை மாற்றச் சொல்லி அனுப்பிய ஒரு டீசல் காரில், கிளாம்பை ஒட்டி ஹோஸின் அடிப்புறத்தில் நகத்தளவு வெடிப்பு இருந்தது. நிற்கும் வண்டியில் வாய்மூடிக் கிடக்கும் அது, ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது மட்டும் திறந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் எண்ணெயில் தோய்ந்து படிந்திருந்த தூசுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

ஹோஸ் நன்றாக இருந்தால், அடுத்து டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்டுவேட்டர். வேக்குவத்தில் இயங்கும் வகை என்றால், கைப்பம்பால் உறிஞ்சும்போது அதன் கம்பி தடையின்றி நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் திரும்பினால் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கும். ஸ்கேனர் காட்டும் பி0299 என்ற கோளாறுக் குறியீடு காற்றழுத்தம் குறைவு என்பதையும், பி0234 அது மிகை என்பதையும் சொல்லுமே தவிர, டர்போ கெட்டதற்குச் சான்றாகாது.

நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் ஆட்டம் உணரப்பட்டாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவைக் கழற்றத்தான் வேண்டும். குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது கோளாறல்ல, அதைக் காட்டியே விலை பேசுபவர்களும் உண்டு. எண்ணெய் தேங்கியிருந்தால், எண்ணெய் திரும்பும் குழாயும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீத்தரும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாய் திறந்திருக்கையில் எஞ்சினை இயக்கவே கூடாது. டர்போவின் இறக்கைச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது.

புதியதைப் பொருத்துமுன் எண்ணெய் வரும் குழாயைத் திறந்து பார்த்தால், உள்ளே கரி கட்டியிருப்பதைக் காணலாம். கணவாய் ஏறிய சூட்டோடு தேநீர்க் கடை வாசலில் வண்டியை அணைத்தால், ஓட்டம் நின்ற எண்ணெய் அங்கேயே கருகிவிடும். ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்க வேண்டும். கரி கட்டிய குழாயையே மீண்டும் மாட்டினால் புதிய டர்போவும் எண்ணெயின்றித் தேய்ந்துவிடும்.