மலையில் பாய்லரை வாடகைக்கு எடுப்பது எப்படி?

கோடை சீசனில் அறைகள் நிரம்பும் உதகை விடுதிகளுக்கும், சொந்த பாய்லரை ஆண்டு ஆய்வுக்காக நிறுத்தும் மருத்துவமனைச் சலவைக்கூடங்களுக்கும், நீராவி செலுத்தி யூகலிப்டஸ் தைலம் வடிப்போருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. வாடகை பாய்லர் தேடுவோர் பெரும்பாலும் "ஒரு டன் (மணிக்கு ஒரு டன் நீராவி தரும் பாய்லர்) கிடைக்குமா?" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், தேவை நீராவியா வெந்நீரா என்று தீர்மானியுங்கள். தைலம் வடிக்கவும் சலவைத் துணியை இஸ்திரி போடவும் நீராவி வேண்டும். குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் 60 டிகிரி வெந்நீரே போதும். அதற்கு நீராவி பாய்லரை எடுப்பது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, கணக்கு. நூறு அறைகளுக்குத் தலா 120 லிட்டர் என்றால் 12,000 லிட்டர். குழாயில் வரும் 15 டிகிரி நீரை 60 டிகிரிக்கு உயர்த்த 5,40,000 கிலோகலோரி வேண்டும். அதை நான்கு மணி நேரத்தில் முடிக்க மணிக்கு 1,35,000. குழாய்களில் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்து 1,55,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படியில்தான் மலை குறுக்கிடுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் சரிசெய்த பர்னரை அப்படியே இங்கே எரித்தால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்காமல் கரும்புகை வந்து குழாய்களில் கரி படியும். மின்விசிறியால் கூடுதல் காற்றைத் தர முடியாவிட்டால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். அதனால் பாய்லரின் திறனும் அதே அளவு குறையும். ஆகவே மேற்கண்ட விடுதி, பெயர்ப்பலகையில் மணிக்கு 2 லட்சம் கிலோகலோரி என்று உள்ள வெந்நீர் பாய்லரைக் கேட்க வேண்டும். ஒரு டன் நீராவி பாய்லர் என்பது மணிக்கு ஏறக்குறைய 5,40,000 கிலோகலோரி. தேவையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

நீராவி பாய்லர் எடுப்போர், பாய்லருக்குள் நீரைச் செலுத்தும் ஊட்டுநீர் பம்பையும் கவனிக்க வேண்டும். உதகையில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஊட்டுநீர்த் தொட்டியைச் சமவெளியில் போல 90 டிகிரி வரை சூடாக்கினால், பம்பின் உறிஞ்சு வாயிலேயே நீர் ஆவிக்குமிழிகளாக மாறுகிறது. பம்ப் இரைச்சலிடுமே தவிர, பாய்லருக்குள் நீர் ஏறாது. தொட்டியைப் பம்புக்கு மேலே உயரத்தில் வைத்து, வெப்பத்தை 75 டிகிரிக்குள் நிறுத்துங்கள்.

அடுத்து, ஆவணங்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவையும், நீரை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்குபவையும் 2025-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. பிற நீராவி பாய்லர்களின் உடலில் பொறித்த பதிவு எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, அனுமதித்த அழுத்தம் எவ்வளவு, காலக்கெடு எப்போது முடிகிறது என்று நேரில் பாருங்கள். நீலகிரி கேரளத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டிய மாவட்டம்; அந்த மாநிலங்களிலிருந்து பாய்லர் வருமானால், மாநிலம் மாறியதைக் கொதிகலன் துறைக்குத் தெரிவித்த பிறகே அதை இயக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஆப்பரேட்டரை யார் அனுப்புவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வண்டியின் நீளத்தையும் எடையையும் முன்பே கேட்டு, குன்னூர் மலைப்பாதையா கோத்தகிரிப் பாதையா என்று முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்படக்கூடும் என்பதால், நவம்பரில் இரண்டு மூன்று நாள் அவகாசம் வைப்பது நல்லது.

இறுதியாக, சோதனை ஓட்டம். பர்னர் எரியும்போது பாய்லரோடு இணைந்த நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கலத்தின் வடிகால் வால்வை ஆப்பரேட்டரைக் கொண்டு திறக்கச் செய்யுங்கள். மட்டம் குறைந்ததும் தீ தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் பாய்லரைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.