ஏலியஸை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்

போன மாதம் காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி உட்காரும்போதே கூட வேலை செய்யும் தம்பியிடமிருந்து போன். "அண்ணா, அழிக்க முதல் கேக்கும் எண்டுதானே வச்சிருந்தன், இப்ப லொக் ஃபோல்டரே இல்லை." லினக்ஸில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்தான் பாஷ். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையை அடித்தால் 'அழிக்கவா?' என்று கேட்கும்படி, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் ஏலியஸ், அதாவது கட்டளைக்கு வைக்கும் மாற்றுப்பெயர், போட்டிருந்தார். கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட்டை டெர்மினலில் சோர்ஸ் கட்டளையால் ஓட்டிப் பார்த்தபோது கேட்டது. இரவு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரொன் அதை ஓட்டியபோது கேட்கவே இல்லை.

தவறு இந்தச் சோதனையில்தான். சோர்ஸ் செய்தால் ஸ்கிரிப்ட்டின் வரிகள் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே ஷெல்லுக்குள் ஓடும், அங்கே ஏலியஸ் உயிரோடு இருக்கும். தனியாக ஓட்டும்போது பாஷ் புதிதாகத் தொடங்குகிறது, ஆள் நேரடியாகக் கட்டளை அடிக்கும் ஷெல் இல்லை என்று தெரிந்தால் ஏலியஸை விரிப்பதே இல்லை, அதாவது அதன் முழுக் கட்டளையாக மாற்றுவதே இல்லை. எனவே ஸ்கிரிப்ட் எப்படி ஓடப்போகிறதோ அப்படியே ஓட்டிச் சோதியுங்கள்.

சரி, பாஷ்ஆர்சியை ஸ்கிரிப்ட்டின் தலையில் சேர்த்துவிட்டால்? அதுவும் சரிவராது. உபுண்டு லினக்ஸ் தரும் பாஷ்ஆர்சி, ஆள் நேரடியாக அடிக்காத ஷெல் என்றால் முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடும். திரும்பாவிட்டாலும், ஷாப்ட் கட்டளையால் எக்ஸ்பாண்ட் ஏலியஸஸ் என்ற அமைப்பைத் திறக்காதவரை பாஷ் அசையாது. திறந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம்: கட்டளையை வாசிக்கும்போதே ஏலியஸ் விரிகிறது, அதனால் ஒரே வரியில் ஏலியஸை உருவாக்கி அங்கேயே பயன்படுத்தினால் வேலை செய்யாது. பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பான ஃபங்ஷனுக்குள்ளும் இதே கதைதான், ஃபங்ஷனை எழுதிய இடத்தில் என்ன இருந்ததோ அதுதான் பதிவாகும்.

இன்னும் குழப்புவது, ஏலியஸை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதி அதை எஸ்எச் என்று ஓட்டினால் ஏலியஸ் வேலை செய்துவிடும். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்எச் என்பது பாஷ் இல்லை, டாஷ் என்ற இன்னொரு ஷெல். அது ஸ்கிரிப்ட்டிலும் ஏலியஸை விரிக்கும். அங்கே ஓடியதே என்று நம்பிவிடாதீர்கள்.

நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவுக்குப் பின்னால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எல் என்ற ஏலியஸை அடித்துக் கட்டளை இல்லை என்று வாங்கிக் கட்டிக்கொள்வதும் இதே குடும்பம்தான்.

ஸ்கிரிப்ட்டுக்குச் சுருக்கம் வேண்டுமென்றால் அதற்குள்ளேயே ஃபங்ஷன் எழுதுங்கள், அது கட்டளையோடு கொடுக்கும் ஆர்கியூமென்ட்களையும் வாங்கும். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஏலியஸிடம் கேட்காதீர்கள். கிரொனில் அந்தக் கேள்வி வந்திருந்தாலும் ஆம் என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? தம்பியின் ஸ்கிரிப்ட் இப்போது எதையும் உடனே அழிப்பதில்லை, தேதி போட்ட ஃபோல்டருக்கு நகர்த்தி வைக்கிறது, ஒரு கிழமை கழித்துத்தான் அங்கிருந்து நீக்குகிறது.