லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் ஆடியோ செட்டிங்ஸைப் பாருங்கள்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்ய ஆரம்பித்தவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாடினால் ஹெட்ஃபோனில் குரல் தாமதமாகக் கேட்கிறது, நடுநடுவே டப் டப்பென்று வெடிக்கிறது, லேப்டாப் பத்தவில்லை போல, புதுசு வாங்கணும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ரெக்கார்டிங் மென்பொருளில், அதாவது ரீப்பர் என்றால் பிரிஃபரன்சஸுக்குள், எஃப்எல் ஸ்டுடியோ என்றால் ஆப்ஷன்ஸுக்குள், ஆடியோவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை மென்பொருள் நிறுவிய அன்று இருந்தபடியே விட்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து லேப்டாப் வாங்கினாலும் இதே கதைதான்.

முதல் தவறு டிரைவரில், அதாவது மென்பொருளையும் சவுண்ட் கார்டையும் இணைக்கும் நிரலில். விண்டோஸில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மென்பொருளைப் பொறுத்து எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வசாபி, ஏசியோ போன்ற டிரைவர் வகைகள் வரிசையாக இருக்கும். எம்எம்இ 1990களின் தொடக்கத்தில் வந்தது, பாட்டுக் கேட்கப் போதும், பாடிக்கொண்டே நம் குரலைக் கேட்க ஆகாது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ, எல்லா ஒலிகளையும் கலக்கும் விண்டோஸின் மிக்ஸரைத் தவிர்த்துவிட்டு மென்பொருளையும் கார்டையும் நேராகப் பேச வைக்கிறது. யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்ஃபோனையும் செருகும் வெளிச் சவுண்ட் கார்டு, வைத்திருப்பவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஏசியோ டிரைவரை இறக்கி நிறுவி, பட்டியலில் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இன்டர்ஃபேஸையும் வாங்கிவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஏசியோ ஃபார் ஆல் போட்டு ஓட்டுகிறார்கள். அது விண்டோஸின் சொந்த டிரைவருக்கு மேல் போர்த்திய ஒரு உறை, அவ்வளவுதான். லேப்டாப்பின் உள் சவுண்ட் கார்டு மட்டுமே இருப்பவர்களுக்கு உதவும், சொந்த ஏசியோ டிரைவர் இருக்கும் இன்டர்ஃபேஸுக்குத் தேவையே இல்லை. மேக்கில் இந்தத் தொல்லை கிடையாது, கோர் ஆடியோ பார்த்துக்கொள்ளும், சாதனத்தை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மைக்கை இன்டர்ஃபேஸில் செருகிவிட்டு ஹெட்ஃபோனை லேப்டாப்பில் செருகுவதையும் நிறையப் பார்க்கலாம். இரண்டு கார்டுக்கும் தனித்தனி கடிகாரம், எவ்வளவு துல்லியமானாலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஹெட்ஃபோனும் இன்டர்ஃபேஸிலேயே இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், சாதாரணமாகவே 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதம், அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலித்தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்தது பஃபர், ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கையாளும் இடம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை முறை அளக்கிறது. பஃபர் 1024 என்றால் அத்தனை சாம்பிள் சேரும்வரை கம்ப்யூட்டர் காத்திருக்கிறது, அதற்கு 23 மில்லி விநாடி. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, ஆக 46, அதற்கு மேல் யூஎஸ்பியும் ஒலியை எண்ணாக மாற்றும் கன்வர்ட்டரும் எடுத்துக்கொள்வது வேறு. இந்த நிலையில் எவ்வளவு தாளக்கட்டு உள்ளவரும் இழுத்துத்தான் பாடுவார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 128க்கு இறக்கினால் ஒருவழிக்கு 3 மில்லி விநாடிகூட ஆகாது. சரி, அப்போ 64இலேயே வைத்துவிடலாமே என்றால் அதுவும் தவறுதான், ஏனென்றால் மிக்ஸ் செய்யும்போது ரிவெர்ப், கம்ப்ரஸர் என்று எஃபெக்ட்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்தச் சின்ன இடைவெளிக்குள் கணக்கை முடிக்க முடியாமல் பிராசஸர் தவறவிடுவதைத்தான் நாம் டப் டப் என்று கேட்கிறோம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. பாடும்போது 128, தாங்கவில்லையென்றால் 256. மிக்ஸுக்கு உட்கார்ந்ததும் 1024. மாற்ற ஒரு நிமிடம் ஆகாது.

பஃபரைக் குறைத்தும் தாமதம் போகவில்லையா? எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். முன்கூட்டியே ஒலியைப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டரோ (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ (ஒலியின் நிறத்தைச் சரிசெய்வது) அங்கே இருந்தால், அதற்குத் தேவைப்படும் நேரத்துக்காக மென்பொருள் எல்லாவற்றையும் தள்ளிப்போடும். என் பார்வையில் அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான், ஏனென்றால் ஆடியோ பக்கத்தில் காட்டும் தாமத எண் அழகாக இருக்கும், தாமதம் மட்டும் அப்படியே இருக்கும். ரெக்கார்டிங் முடியும்வரை அவற்றை அணைத்துவையுங்கள். அப்புறம், குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டன் இன்டர்ஃபேஸில் இருந்தால், அதையும் மென்பொருளின் மானிட்டரையும் ஒன்றாக ஆன் செய்யாதீர்கள். குரல் இரட்டையாகக் கேட்கும். ஏதாவது ஒன்று போதும்.

விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பதைச் சொல்லும் சாம்பிள் ரேட் விஷயத்தில் இரண்டு தவறுகள். டிராக்கை இம்போர்ட் செய்யும்போது பெரும்பாலான மென்பொருள்கள் தானாகவே ரேட்டை மாற்றிக்கொள்ளும். ஆனால் மென்பொருள் 44.1 என்று நினைத்துக்கொண்டிருக்க, கார்டு உண்மையில் 48இல் ஓடினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். ஒரு கட்டையில் இருந்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும். ஆர்மோனியம் எடுத்து வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, 96 வைத்தால் தரம் கூடும் என்ற நம்பிக்கை. ஃபைல் இரண்டு மடங்காகும், பிராசஸர் வேலையும் கிட்டத்தட்ட அப்படியே. பாட்டு மட்டும் என்றால் 44.1, வீடியோவுக்கு என்றால் 48, பிட் அளவு 24. 24 பிட்டில் இடம் தாராளமாக இருப்பதால் மைக் ஒலியைக் கூட்டும் கெய்னை முட்ட ஏற்ற வேண்டாம், உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நின்றால் நிம்மதி.

மீட்டரே அசையவில்லையென்றால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் மைக் அனுமதியைப் பாருங்கள். மேக்கில் 2018இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் நாம் அனுமதி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ரெக்கார்டு ஆவது வெறும் மௌனம்தான். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பட்டனும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். குரல் ஒரு காதில் மட்டும் விழுந்தால் டிராக்கின் இன்புட் ஸ்டீரியோவில் இருக்கிறது என்று அர்த்தம், மோனோ இன்புட் ஒன்று என்று மாற்றுங்கள்.

எல்லாம் வைத்தபின் ஒரு சோதனை. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, மென்பொருளின் மானிட்டரையும் டைரக்ட் மானிட்டரையும் அணைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து, ஒரு கிளிக் சத்தத்தை ஓடவிட்டுப் புது டிராக்கில் ரெக்கார்டு செய்யுங்கள். இரண்டு டிராக்கையும் பெரிதாக்கிப் பார்த்தால் கிளிக்குகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். பதிவானது எப்போதும் ஒரே அளவு பிந்தி நின்றால், டிரைவர் தன் தாமதத்தைத் தவறாகச் சொல்கிறது. எத்தனை சாம்பிள் பிந்துகிறது என்று எண்ணி, ரீப்பர் என்றால் ரெக்கார்டிங் பிரிஃபரன்சஸில் ஆஃப்செட் கட்டத்தில் எழுதிவிட்டு மறுபடி ஒருமுறை ரெக்கார்டு செய்து பாருங்கள்.