ஸ்கீ இழுவண்டியில் குழந்தைக்குக் குளிர்: தீர்ந்த விதம்

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (நீளப் பலகைகளைக் காலில் மாட்டிப் பனிவெளியில் சறுக்கிச் செல்வது) போகும்போது மகளை, எங்களுக்குப் பின்னால் இழுத்துவரும் இழுவண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவோம். கொஞ்ச நேரத்திலேயே அழுவாள். பிடரியைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். பாதமும் தொடையின் அடிப்பக்கமும் மட்டும் ஜில்லென்றிருக்கும்.

மேலே இன்னொரு போர்வை போர்த்தினோம், பயனில்லை. பிளாஸ்டிக் ஜன்னலை முழுக்க மூடினால் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து உடை நனைந்தது. இரட்டைக் காலுறை போட்டதில் பூட்ஸ் இறுகி, விரல்கள் இன்னும் சில்லிட்டன.

அப்புறம்தான் அவளை இறக்கிவிட்டு இருக்கையைத் தடவிப் பார்த்தேன். அடியில் வெறும் துணி, அதற்குக் கீழே பனியை ஒட்டி ஓடும் காற்று. அவளை உள்ளே வைத்திருந்த பஞ்சு உறை, அவள் உட்கார்ந்த இடத்தில் நசுங்கித் தட்டையாகியிருந்தது. பஞ்சுக்குள் தங்கும் காற்றுதானே சூட்டைக் காக்கிறது? நசுங்கினால் அது போய்விடும். மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர் கீழிருந்து ஏறும்.

முகாமில் விரிக்கும் கெட்டி ஃபோம் பாயை இருக்கை, முதுகு, கால் வைக்கும் தளம் எல்லாவற்றுக்கும் அளவாக வெட்டிப் போட்டேன். உட்கார்ந்தாலும் அது அவ்வளவாக நசுங்காது. பூட்ஸுக்குப் பதில் தளர்வான கம்பளிக் காலுறை, ஜன்னலின் மேற்புறம் சின்னத் திறப்பு. அப்பாடா, இப்போது வண்டியிலேயே தூங்கிவிடுகிறாள்! ஒன்று மட்டும்: ஃபோம் போட்டதும் குழந்தை சற்று உயர்ந்து உட்காரும், எனவே தோள்பட்டை வார்களை மறுபடி சரிசெய்ய வேண்டும்.